கீழ்நூல்

பேத்தியின் பாவாடைக்கு அளவு கொடுக்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசம் வந்தது. அதற்குள் மெல்லிசாக மிஷின் எண்ணெய் வாசம். வரிசையாகக் கால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டிருந்த பெரியவர், "சொல்லுங்கம்மா, பாப்பாவுக்கா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. செல்லூர் வீட்டு நடையில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

இங்கே இருக்கிற தையல்காரர்கள் முன்பு புதுமண்டபத்தில் இருந்தவர்கள். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே தூணுக்குத் தூண் மிஷின்தான். யாளியின் காலடியில் ஒருவர் உட்கார்ந்து காஜா எடுப்பார். இன்னொரு தூணில் ரவிக்கைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். சித்திரை வந்தால் அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கான உடுப்புகள் அங்கேதான் தயாராகும். தைக்கிறவர்களில் இஸ்லாமியர்கள் நிறையப் பேர். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சப் போகிறவர் போட்டிருக்கும் உடுப்பில் அவர்கள் கைத்தையல் இருக்கும். சிற்பங்களைக் காப்பாற்றக் கடைகளைப் பக்கத்தில் கட்டிய இந்தச் சத்திரத்துக்கு மாற்றினார்கள். கல்லுக்கு அது நல்லதுதான். ஆனாலும் அத்தனை மிஷின்களும் ஒரே கல்கூரைக்குக் கீழே ஓடும்போது எழும் அந்தக் கார்வை எனக்குப் போய்விட்டது.

அளவு கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பேத்திக்குப் பத்து வயது, அவள் தம்பிக்கு ஏழு. கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தால் பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"அம்மாச்சி, இதை நாமளே தைக்க முடியாதா? நீங்கதான் தையல் டீச்சராச்சே."

"தைக்கலாம்தான். மிஷின் வேணுமேம்மா."

"என்கிட்டதான் ஒண்ணு இருக்கே" என்றான் சின்னவன், அக்காவை முந்திக்கொண்டு. அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது அவனுக்கே இருக்கட்டும். எனக்கு வராது. என் கை சரியில்ல."

பிறந்த நாளுக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்த மிஷின் அது. ரோஸ் நிறம், டிபன் பாக்ஸ் அளவு, பாட்டரியில் ஓடும். ஒரு பொத்தானை அழுத்தினால் மெதுவாக, இன்னொன்றை அழுத்தினால் வேகமாக என்று அட்டையில் போட்டிருந்தது. ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். மெதுவாக என்பதே படபடவென்று ஓடியது. பல் துணியைச் சரியாகத் தள்ளவில்லை. தள்ளாத இடத்தில் நூல் கீழே கொத்தாகச் சேர்ந்தது. சங்கிலித் தையல் போடுகிற வகை அது. கடைசிக் கண்ணியை முடிச்சிடாமல் இழுத்தால் பின்னல் அவிழ்வதுபோல மொத்தமும் அவிழ்ந்து வந்தது. முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்த எனக்கே அதில் ஒரு சாண் நேராகப் போடத் தெரியவில்லை.

மிஷினின் கோளாறைப் பிள்ளைகள் தங்கள் கோளாறாக எடுத்துக்கொள்வதை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் நாம், ஒரு பொருள் சரியாக வேலை செய்யாவிட்டால் பொருளைத் திட்டுவோம். பத்து வயதுப் பிள்ளை தன் கையைப் பார்க்கும். "என் கை சரியில்ல" என்று அவள் சொன்னது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மகளுக்குப் போன் செய்து, பிள்ளைகளுக்கு ஒரு மிஷின் வாங்கப்போகிறேன் என்று சொன்னேன். "எதும்மா வாங்குவீங்க?" என்றாள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடியபோது முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளிக்கூடத்து எருமை.

தையல் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நாலு மிஷின். நாலும் கறுப்பு உடம்பு, தங்கப் பூ போட்ட கால் மிஷின்கள். அதில் ஒன்றுக்கு பெல்ட் எப்போதும் தொய்வு. எத்தனை தடவை வெட்டிக் கம்பி போட்டாலும் இரண்டு வாரத்தில் தளர்ந்துவிடும். மிதித்தால் நழுவி நழுவித்தான் ஓடும். பிள்ளைகள் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். பழகியவர்கள் யாரும் அதில் உட்காரமாட்டார்கள். புதிதாக வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் அது கிடைக்கும். சில வருஷம் கழித்துத்தான் கவனித்தேன்: எருமையில் தொடங்கிய பிள்ளைகளின் கோடு நேராக இருந்தது. நல்ல மிஷினில் தொடங்கியவர்கள் வேகத்துக்குப் பயந்து துணியை இறுக்கிப் பிடித்து இழுப்பார்கள். ஊசி வளையும், உடையும். எருமையில் உட்கார்ந்தவளுக்குத் துணி நகர்வதைப் பார்க்க நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த பெல்ட்டை நான் இறுக்கச் சொல்லவே இல்லை.

தையல் டீச்சர் என்றொரு வேலை இருந்தது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் பரீட்சையில் தையல் லோயர், ஹையர் இரண்டும் தேறிப் பிறகு பயிற்சியும் முடித்து வேலைக்கு வந்தோம். அந்தப் பரீட்சைக்கு ஒரு மாதிரி நோட்டு வைக்கவேண்டும். ஓட்டுத் தையல், ஹெம்மிங், காஜா, கிழிசலுக்கு இழை ஓட்டுதல், ஒட்டுப் போடுதல் என்று கைக்குட்டைத் துண்டு அளவில் ஒவ்வொன்றையும் தைத்து ஒட்டவேண்டும். கிழிந்ததை இழை ஓட்டுவது அப்போது பரீட்சைக்குப் பாடம். இப்போது கிழித்து விற்கிற ஜீன்ஸைப் பேத்தி போட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இழைகளைப் பார்த்தால் மட்டும் கை பரபரக்கும்.

ஆனால் எனக்கு மிஷின் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. அம்மா.

அப்பா போன பிறகு அம்மா தவணைக்கு வாங்கிய மிஷின் அது. உஷா. மாதம் பிறந்தால் ஒருவர் சைக்கிளில் வந்து பணம் வாங்கிக்கொண்டு ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தவணை கட்டி முடிகிற வரை அம்மா அதை "நம்ம மிஷின்" என்று சொன்னதே இல்லை. "அந்த மிஷின்" என்றுதான் சொல்வாள். தையல் மிஷினைத் தவணைக்கு விற்கிற பழக்கத்தை அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி 1856-லேயே தொடங்கிவிட்டது என்று பின்னால் படித்தபோது, உலகத்தில் எத்தனை அம்மாக்கள் கையில் அப்படி ஒரு அட்டை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உஷா என்ற பெயரின் கதையையும் படித்தேன். 1930-களில் கல்கத்தாவில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் உள்நாட்டிலேயே மிஷின் செய்து, அதற்குத் தன் மகளின் பெயரை வைத்தாராம். அம்மாவிடம் சொன்னேன். அப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது, தைப்பதை விட்டிருந்தாள். "மக பேரையா வச்சாரு? அதான் இத்தன வருசம் மக மாதிரி ஒழச்சிருக்கு" என்று மிஷினின் முதுகைத் தடவினாள்.

செல்லூரில் பகலெல்லாம் தறிச் சத்தம். இரவில் தறி அடங்கிய பிறகு அம்மாவின் மிஷின் கேட்கும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் விடிய விடிய ஓடும். தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பாவாடை சட்டையும் அம்மாவிடம்தான். ரெடிமேட் வாங்குவது அப்போது பெரிய வீட்டுச் சமாச்சாரம். துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, தைத்து வருமா வராதா என்று தவித்து, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வாசலில் வந்து நிற்பார்கள். "எங்களுது ஆச்சா அக்கா?" என்று கேட்கிற பிள்ளைக்கு அம்மா நிமிராமலே "காலைல எண்ணெ தேய்க்கிறதுக்கு முன்ன வந்து வாங்கிக்க" என்பாள். நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீளமாக ஓடினால் பாவாடைப் பக்கம். கொஞ்சம் ஓடி நின்று, கொஞ்சம் ஓடி நின்று என்றால் கழுத்து. சின்னதாக இரண்டு தரம் என்றால் கை முனை. கீழ்நூல் தீர்ந்தாலும் தெரிந்துவிடும். பாபின் காலியானால் சத்தம் லேசாகும். உள்ளே பிடிமானம் இல்லாமல் ஓடுகிற சத்தம். ஊசி மேலே கீழே போய்வரும், துணியில் ஓட்டை விழும், தையல் விழாது. அம்மா இரண்டு மூன்று தையலுக்குள் நிறுத்திவிடுவாள்.

அப்படி ஒரு தீபாவளி வாரத்தில், அம்மா சோறு வடிக்க உள்ளே போன நேரம், நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். ஒன்பது வயது இருக்கும். முதல் மிதியில் பின்பக்கம் ஓடி நூல் அறுந்தது. இரண்டாவது மிதியில் ஓடத் தொடங்கியது, நிறுத்தத் தெரியவில்லை. காலை எடுத்தாலும் அந்தப் பெரிய சக்கரம் தன் வேகத்துக்கு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஊசி ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அம்மா ஓடிவந்தாள். திட்டவில்லை, விரலை இழுக்கவும் இல்லை. ஒரு கையால் என் மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல்சக்கரத்தை மெல்லச் சுற்றி ஊசியை மேலே எடுத்தாள். தண்ணீரில் கழுவித் துணி சுற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுவந்தாள். அன்று ராத்திரியும் உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். மிஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். "இந்தா உக்காரு. கால வைக்காத. கையால சுத்து" என்றாள். ஒரு சுற்றுக்கு ஒரு தையல். ஊசி எங்கே இறங்குகிறது, மேல்நூலை அந்த ஷட்டில் எப்படிக் கொக்கிபோல வளைத்துப் பிடித்துக் கீழ்நூலைச் சுற்றிக் கொண்டுபோகிறது, இரண்டு நூலும் துணிக்கு நடுவில் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று எல்லாவற்றையும் அந்த மெதுவான சுற்றில்தான் பார்த்தேன். அம்மாவுக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் பெல்ட் ஆணியில் தொங்கும், நான் கையால் சுற்றுவேன். ஒரு மாதம். பயம் அதற்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அந்த மிஷினை அம்மா போன பிறகு, எங்கள் பழைய தெருவில் கணவனை இழந்து தனியாக நின்ற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். என்னிடம் படித்த இன்னொருத்திக்கு அரசாங்கத்தின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மிஷின் கிடைத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டாள். அம்மாவின் மிஷின் வீட்டில் சும்மா இருப்பதைவிட அப்படிப் போனதில் எனக்கு நிறைவுதான். ஆனால் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று தேடவேண்டியிருந்தது.

கடைக்கு மேலமாசி வீதி வழியாக நடந்தோம். காந்தி 1921 செப்டம்பரில் தங்கியிருந்த வீட்டைக் காட்டினேன். சட்டையும் தலைப்பாகையும் வேண்டாம், ஏழைகள் உடுத்துவது போதும் என்று அவர் அரையாடைக்கு மாறியது இந்த ஊரில்தான். "அப்ப தையல் மிஷினே அவருக்குப் பிடிக்காதா அம்மாச்சி?" என்று சின்னவன் கேட்டான். நல்ல கேள்வி. மனிதனின் கையை முடமாக்குகிற இயந்திரங்களை அவர் எதிர்த்தார். ஆனால் 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், இயந்திரம் எல்லாவற்றுக்குமே எதிரியா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு அவர் விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அந்த ராமச்சந்திரன்தான் பிறகு மனைவி சௌந்தரம் அம்மாவுடன் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். மிஷின் பிறந்த வரலாறு அவ்வளவு எளிமையானது இல்லை. ஊசியின் காதை முனையில் வைத்து, இரண்டு நூலால் பூட்டுத் தையல் போடும் மிஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846-லேயே உரிமம் வாங்கிவிட்டார். சிங்கரின் உரிமம் 1851-ல். வழக்கும் நடந்தது. இருந்தாலும் விடிய விடிய மிஷினில் உட்கார்ந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மிஷின் இல்லாமல் அத்தனை பாவாடையையும் கையால் தைத்திருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கும்போது, காந்தி விதிவிலக்குக் கொடுத்தது சரி என்றே படுகிறது.

கடையில் வெள்ளை மிஷின்களாக அடுக்கி வைத்திருந்தார்கள். விற்பனைப் பையன் ஒவ்வொன்றாகச் சொன்னான். இது ஏழு தையல், இது பதினாலு, இதில் எம்பிராய்டரி மாதிரி எல்லாம் வரும், இது தானே ஊசியில் நூல் கோக்கும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கி மேலே மேலே போனது. எல்லாம் பார்க்க அழகு. பேத்திக்கு ஒரு மிஷினின் பெயர் பிடித்துவிட்டது: ஜனோமே. ஜப்பான் மொழியில் அதற்குப் பாம்பின் கண் என்று அர்த்தம். பழைய படகு வடிவ ஷட்டிலுக்குப் பதிலாக வட்ட பாபின் வந்தபோது, அது பாம்பின் கண்போல இருந்ததால் வந்த பெயர். சொன்னதும் சின்னவன் ஒரு பாபினைக் கையில் எடுத்து ஓட்டை வழியாக எங்களை எல்லாம் பார்த்தான்.

நான் வீட்டிலிருந்தே துணி கொண்டுபோயிருந்தேன். ரவிக்கைக்கு எடுக்கிற ரூபியாத் துணி இரண்டு மடிப்பு, பழைய ஜீன்ஸ் நாலு மடிப்பு. மிஷின் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் வைத்திருக்கிற கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அதில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். மெல்லிசிலும் தடிமனிலும் போட்டுப் பார்த்து, துணியைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். மேலே முத்து கோத்ததுபோல இருந்து கீழே நூல் தொய்ந்து கிடந்தால் பயனில்லை. வெள்ளை மிஷின்கள் அந்தப் பரீட்சையில் தேறத்தான் செய்தன. சிலவற்றில் பாபினை மேலேயிருந்தே போட்டுக் கண்ணாடி மாதிரி மூடி போடலாம். நூல் எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைக்குத் தெரியும். அது எனக்குப் பிடித்தது.

பிறகு பேத்தியை உட்காரவைத்துக் காலால் பெடலை மெல்ல அழுத்தச் சொன்னேன். மெல்ல என்பது அவள் காலுக்குப் பழக்கமில்லை. மிஷின் சீறிக்கொண்டு ஓடியது. அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். பெட்டி லேசானது, அதனால் மேஜையிலேயே கொஞ்சம் நகர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்த ரோஸ் மிஷினின் முன்னால் இருந்த அதே முகம்.

"கை மிஷின் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"கை மிஷினாம்மா? அதை இப்ப யாரும்மா கேக்குறா?" என்றான் பையன். உள்ளே இருந்த வயதான மெக்கானிக் தலையை நீட்டினார். "குடோன்ல இருக்குப்பா. எடுத்துட்டு வா" என்றார். வந்தது. கறுப்பு இரும்பு உடம்பு, மரப் பலகை, மேலே மூடப் பெட்டி, மேல்சக்கரத்தோடு பூட்டிய கைப்பிடி. நேர்த் தையல் மட்டும்தான் வரும். பத்துக் கிலோவுக்கு மேல் கனம். மேஜையில் வைத்தால் அசையாது. கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஊசி மூன்று தடவை இறங்கும். கையை நிறுத்தினால் நிற்கும். அந்த இடத்திலேயே நிற்கும். மின்சாரம் வேண்டாம். ஊசியும் பாபினும் எந்தத் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். கெட்டுப்போனால் பிரித்துப் பார்க்கலாம்.

"ஸிக்ஸாக் கூட வராதும்மா" என்றான் பையன், என்மேல் உண்மையான அக்கறையோடு. எனக்குத் தெரியும். தையல் தொடங்குகிற பிள்ளைக்கு நேராக ஒரு கோடு, வளைவாக ஒரு கோடு, மூலை திரும்புதல் இந்த மூன்றும் போதும். மற்ற பதிமூன்று தையலையும் அவள் ஆசைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஆட்டோவில் பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் நாள் நூலே கோக்கவில்லை. சின்னவனின் நாலு கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பழைய ஊசியை மாட்டிக் கோட்டின்மேல் தைக்கச் சொன்னேன். தாளில் தைத்தால் ஊசி மழுங்கும். அதனால்தான் பழைய ஊசி. வரிசையாக ஓட்டை விழுந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். கோட்டை விட்டு விலகின இடம் விலகினபடி தெரியும். யாரும் தப்பு என்று சொல்லவேண்டியதில்லை. அவர்களே இன்னொரு தாள் கிழித்தார்கள். மூன்றாம் நாள் வட்டம் போட்டார்கள். பிறகு சதுரம். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, அழுத்துகிற காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கவேண்டும். ஊசியைத் தூக்கிவிட்டுத் திருப்பினால் இடம் தவறும். இதைச் சின்னவன்தான் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

கை மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. வலது கை சுற்றுவதிலேயே போய்விடும்; துணியை இடது கை ஒன்றுதான் பார்த்துக்கொள்ளவேண்டும். சின்னப் பிள்ளைக்கு அது கஷ்டம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பி சுற்றுவான், அக்கா இரண்டு கையாலும் துணியை நடத்துவாள். "போ... போ... மெதுவா... நில்லு!" அவன் நிற்பான். சில நேரம் வேண்டுமென்றே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவான், சண்டை வரும், தையல் பிரிக்கவேண்டி வரும். பிரிப்பது அவன் வேலை என்று தீர்ப்பும் ஆயிற்று. இரண்டு நாளில் கூடுதல் சுற்று நின்றுவிட்டது. எண்ணெய் விடுவதும் அவன் பொறுப்பு. எந்தெந்தத் துளையில் ஒரு சொட்டு என்று எனக்கே அவன் சொல்வான். எண்ணெய் விட்ட பிறகு பழைய துணியில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்காமல் நல்ல துணியை வைக்கவிடமாட்டான்.

முதலில் தைத்தது மஞ்சப் பை. நாலு நேர்கோடும் இரண்டு காதும்தான். எங்கள் காலத்தில் கல்யாண வீட்டுத் தாம்பூலத்துக்கு வந்த பை வீட்டில் எப்போதும் ஏழெட்டுக் கிடக்கும். சந்தைக்கும் அதுதான், ஊருக்குப் போகவும் அதுதான். பிறகு பாலித்தீன் வந்து, மஞ்சப் பையோடு ஒருவர் வந்தால் பட்டிக்காடு என்று சிரிக்கிற காலமும் வந்தது. 2021-ல் அரசாங்கமே மீண்டும் மஞ்சப்பை என்று சொல்லவேண்டியதாயிற்று. பேத்தி தைத்த பையில் ஒரு காது அரை இஞ்சு நீளம். அதை எடுத்துக்கொண்டுதான் இப்போது காய் வாங்கப் போகிறேன். வெண்டைக்காய் போடும்போது ஒரு பக்கம் சாயும்.

சென்னைக்கு என்ன மிஷின் வாங்கலாம் என்று மகள் கேட்டாள். அங்கே வீட்டில் இவ்வளவு கனத்தைத் தூக்கி வைக்க முடியாது. வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு விசை இருக்கிற வெள்ளை மிஷினாகப் பார், ஏழு தையல் போதும், விசை இல்லாவிட்டால் பெடலுக்கு அடியில் அது பாதிக்குமேல் இறங்காதபடி ஒரு மரக்கட்டையை வை என்றேன். பேத்தியைக் கேட்டேன். "அடுத்த வருசம் வாங்கிக்கலாம். இது தீரட்டும்" என்றாள். எது தீரட்டும் என்று நான் கேட்கவில்லை.

விடுமுறை முடிய நாலைந்து நாள் இருக்கும். ராத்திரி ஒன்பது மணி. எனக்கு முதுகு வலி, படுத்துவிட்டேன். முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேத்தி தன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் தூங்கிவிட்டான், தனியாகவே சுற்றிக்கொண்டிருந்தாள். நீளமாக ஓடியது. பக்கவாட்டுத் தையல். நின்றது. மூலை. மறுபடி நீளமாக ஓடியது.

பிறகு சத்தம் லேசானது.

எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ்நூல் தீர்ந்துவிட்டது. "ஏத்தா, பாபின் பாரு" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு சாண், இன்னொரு சாண். வெறும் ஓட்டையாகத்தான் விழுந்துகொண்டிருக்கும். நான் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூடித் தகடு நகரும் சத்தம், உலோகத்தில் உலோகம் படும் சின்ன 'டிக்'. நூல்கண்டு மேஜையில் உருண்டது. அவள் மேல்சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தியிருக்கவேண்டும்; கைப்பிடி சுற்றுகிற சத்தம் வந்தது, ஊசி இறங்குகிற சத்தம் வரவில்லை. பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.